மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?



கடையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்மில் பலருக்கும் நன்கு பழகிப் போன சொல் ஒன்று உண்டு. 'பார்மட்' என்பதே அது. இன்டர்நெட் வரவில்லையா? பார்மட். பில் மெதுவாக வருகிறதா? பார்மட். திறந்தவுடன் வேண்டாத விளம்பரம் குதிக்கிறதா? அதற்கும் பார்மட். தலைவலி என்று வைத்தியரிடம் போனவனுக்குத் தலையையே எடுத்துவிடலாம் என்று சொன்னால் நாம் சம்மதிப்போமா? ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும், "சரி தம்பி, போட்டுவிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்குப் பருப்பு நிறுக்கப் போய்விடுகிறோம்.

இந்தப் பழக்கம் நமது பேரேட்டையும் கடன் கணக்கையும் கரைக்கிறது என்பதும், அதற்குக் காரணம் ரிப்பேர் பார்க்க வரும் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரும்பகுதி நாமேதான் என்பதும் எங்கள் கருத்து. சங்க உறுப்பினர்களின் சிந்தனைக்கு இதை வைக்கிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

ஊருக்குச் சொல்வதற்கு முன் நம் கதையைச் சொல்லிவிடுவது நியாயம்.

எங்களுடையது மளிகைக் கடை. பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்று. பகலில் அது கடைக்கு. இரவில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கு. நம் உறுப்பினர்களில் பலருக்கும் இதே நிலைதான். ஒரு நாள் பிள்ளைகள் ஏதோ பாடக் குறிப்பை மாற்றுவதற்காக 'இலவச கன்வெர்ட்டர்' ஒன்றை இறக்கியிருக்கிறார்கள். அதோடு அழையாத விருந்தாளியாக இன்னும் இரண்டு புரோகிராம்கள் வந்து உட்கார்ந்து கொண்டன. தேடும் பக்கம் மாறிப் போயிற்று. விளம்பரங்கள் குதித்தன. எரிச்சல் தாங்காமல் ஒரு காலையில் அந்த மூன்றையும் நாங்களே நீக்கினோம். நீக்கியதும் விளம்பரம் நின்றது. கூடவே இன்டர்நெட்டும் நின்றது!

அன்று ஜூன் மாதம் 20-ஆம் தேதி. மே மாதத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். பதறிப்போய் ஆளை வரவழைத்தோம். வந்த பிள்ளை ஐந்து நிமிடம் பார்த்தது.

"சிஸ்டம் கரப்ட் ஆயிடுச்சுண்ணே. பார்மட் போட்டாத்தான் சரியா வரும்."

"கணக்கெல்லாம் இருக்குமா தம்பி?"

"டி டிரைவ்ல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே."

அந்தப் பிள்ளை சொன்னது பொய்யல்ல. டி டிரைவில் இருந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பில் போடும் புரோகிராமின் கணக்கு சி டிரைவில் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, எங்களுக்கும் தெரியாது. பென் டிரைவில் நாங்கள் கடைசியாக நகல் எடுத்தது மார்ச் 31, வருடக் கணக்கு முடித்த அன்று. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எழுதிய அத்தனையும் போயிற்று.

வரிக் கணக்கை ஒருவாறு சரி செய்தோம். விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்.-1 அந்த மாதம் 11-ஆம் தேதியே போயிருந்தது. கொள்முதல் விவரம் 2பி-யில் இருந்தது. அவற்றை வைத்து இரண்டு நாள் தாமதமாகத் தாக்கல் செய்தோம். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ரூ. 50, இரண்டு நாளைக்கு ரூ. 100. அதோடு தப்பித்தோம்.

ஆனால் கடன் கணக்கு? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக் காலம். அந்த இரண்டு மாதமும் மீனவக் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நம் கடைகளில் கடனில்தான் போகிறது. படகு கடலுக்குப் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். எங்கள் பேரேடு அழிந்தது தடைக் காலம் முடிந்த ஆறாம் நாள். அரசாங்கத்திடம் எங்கள் வரிக் கணக்கு பத்திரமாக இருந்தது. எங்களிடம் எங்கள் கடன் கணக்கு இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளின் பற்று வரவு, யாரிடம் எவ்வளவு என்று தெரியாமல் நின்றோம்.

வாடிக்கையாளர்களிடம் உள்ளதைச் சொன்னோம். ஒரு அம்மா, சுவர்க் காலண்டரில் தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்த மூன்று மாதத் தாள்களையும் கழற்றிக் கொண்டுவந்து, "நாலாயிரத்து இருநூத்தம்பது வருது. நீங்களும் ஒரு தடவ கூட்டிப் பாருங்கண்ணே" என்றார். இப்படிப் பல பேர் தாங்களே கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எல்லோரிடமும் குறிப்பு இல்லை. "எவ்வளவு தரணும்மா?" என்று நாங்கள் கேட்டதையே சந்தேகமாக எடுத்துக்கொண்டு மனம் வருந்திய வீடுகளும் உண்டு. பத்து வருடமாக வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், தான் சொன்ன தொகையைக் கட்டிவிட்டு, பிறகு வரவேயில்லை. அவர்கள் சொன்ன தொகை சரியாகவே இருந்திருக்கும். அதை உறுதிப்படுத்தும் வழிதான் எங்களிடம் இல்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம். இந்த இழப்புக்கு எந்த வரவையும் எழுதி ஈடு செய்ய முடியாது.

இதற்கு மேல் ஒரு செய்தி இருக்கிறது. மூன்று வாரம் கழித்து வீட்டில் இருந்த லேப்டாப்பில் அதே கன்வெர்ட்டர் இருப்பதைப் பார்த்து நீக்கினோம். அதிலும் இன்டர்நெட் நின்றது. இம்முறை வந்த வேறொரு பிள்ளை செட்டிங்ஸைத் திறந்து ஒரே ஒரு பொத்தானை அணைத்தது. அரை நிமிடம். இன்டர்நெட் வந்துவிட்டது.

"இதுக்கு எவ்வளவு தம்பி?"

"இதுக்கென்னண்ணே, ஒண்ணும் வேணாம்."

நாங்களும் வெறும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். பேரேட்டை அழித்ததற்கு ரூ. 500 மறு பேச்சின்றிக் கொடுத்தோம். கோளாற்றைக் கண்டுபிடித்ததற்கு ஒரு டீ. இந்த இடத்தில்தான் நமது தவறு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

நீக்கிய பிறகும் ஏன் தொல்லை?

கடைக்கு வரும் தபால்களை எல்லாம் தன் வீட்டு விலாசத்துக்குத் திருப்பிக்கொண்ட ஒரு கணக்குப்பிள்ளையைக் கண்டுபிடித்து வேலையை விட்டு நீக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆள் போய்விட்டான். ஆனால் தபால் ஆபீசில் அவன் எழுதிக் கொடுத்த விலாச மாற்றம் அப்படியே இருக்கிறது. இனி தபால் நமக்கும் வராது. அவனும் இல்லாததால் வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போகும். வேண்டாத புரோகிராமை நீக்கியபின் இன்டர்நெட் நிற்பது பெரும்பாலும் இந்த வகைதான். அது நமது போக்குவரத்தையெல்லாம் தன் வழியாகத் திருப்பி வைத்திருக்கும். தான் போகும்போது பாதையைப் பழையபடி வைத்துவிட்டுப் போவதில்லை.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமன்று. 2005-இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசைத் தட்டுகள், நகல் எடுப்பதைத் தடுப்பதற்காகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராமை ஒளித்து வைப்பது வெளிப்பட்டது. அந்தப் பைல்களைத் தாமாக அழித்தவர்களின் கம்ப்யூட்டரில் சி.டி. டிரைவே காணாமல் போயிற்று! கண்டனம் எழுந்து, நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ., 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற மோசடியை முறியடித்தது. நூறு நாடுகளுக்கு மேல் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் வழிகாட்டி விலாசத்தை அந்தக் கும்பல் தன் பக்கம் மாற்றி வைத்திருந்தது. கும்பலின் சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இன்டர்நெட் நின்றுவிடும். ஆதலால் நீதிமன்ற அனுமதியுடன் மாற்றுச் சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அதற்குள் விலாசத்தைத் திருத்திக் கொள்ளாதவர்களுக்கு அன்றோடு இன்டர்நெட் நின்றது. திருடனைப் பிடிப்பது ஒரு வேலை, அவன் கலைத்துப் போட்டதை அடுக்குவது இன்னொரு வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2015 பிப்ரவரியில் லெனோவா லேப்டாப்புகளில் விற்கும்போதே 'சூப்பர்பிஷ்' என்ற விளம்பரப் புரோகிராம் ஏற்றப்பட்டிருந்தது தெரிய வந்தது. புரோகிராமை நீக்கினாலும், அது நம்பிக்கைச் சான்றாக உள்ளே வைத்த ஒரு சான்றிதழ் போகவில்லை. பூட்டை மாற்றிய பின்னும் கள்ளச் சாவி செல்லுபடியானது போல. சான்றிதழையும் சேர்த்து நீக்கத் தனிக் கருவி வெளியிட வேண்டியதாயிற்று.

ஆக, நீக்குவது பாதி வேலை. மீதிப் பாதியைச் செய்யாமல், "சிஸ்டமே போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

பார்மட் என்ற சொல்லுக்கு முன்

நமக்கே தெரிந்திருக்க வேண்டியவை சில. பெரிய படிப்பு தேவையில்லை.

1. முதலில் நகல். தராசு வேறு, சரக்கு வேறு. புரோகிராம் தராசு, கணக்கு சரக்கு. தராசு கெட்டால் வேறு வாங்கலாம். உங்கள் பில்லிங் புரோகிராமின் கணக்கு எந்தப் போல்டரில் இருக்கிறது என்று இன்றே கேட்டு ஒரு அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டுங்கள். அந்தப் போல்டரைப் பென் டிரைவில் எடுத்த பிறகே எவரும் கை வைக்கலாம்.

2. அதே வைபையில் செல்போனில் இன்டர்நெட் வருகிறதா பாருங்கள். அதிலும் வராவிட்டால் கோளாறு லைனில். கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

3. செல்போனில் வந்து கம்ப்யூட்டரில் வராவிட்டால், செட்டிங்ஸில் நெட்ஒர்க் பகுதியில் 'பிராக்ஸி' என்ற இடத்தைப் பாருங்கள். 'யூஸ் எ பிராக்ஸி சர்வர்' என்பது நாம் வைக்காமலே ஆன் ஆகியிருந்தால் அதை அணைக்கவும். எங்கள் பேரேட்டைக் காப்பாற்றியிருக்கக் கூடிய பொத்தான் இதுதான்.

4. அடுத்து டி.என்.எஸ். விலாசம். தெரியாத எண்கள் இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றவும்.

5. தேதியும் நேரமும் சரியா? தேதி தவறினால் பேங்க், ஜி.எஸ்.டி. போன்ற பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். அடிக்கடி தேதி தவறினால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கலாம்.

6. விளம்பரம் இன்னும் குதித்தால், பிரவுசரில் 'எக்ஸ்டென்ஷன்' பட்டியலையும் 'நோட்டிபிகேஷன்' அனுமதியையும் பாருங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று மூலையில் வரும் பல எச்சரிக்கைகள் வைரஸே அல்ல. எப்போதோ நாம் 'அலவ்' என்று அமுக்கிய ஏதோ ஒரு தளத்தின் விளம்பரம். அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். அந்த எச்சரிக்கையில் உள்ள போன் நம்பருக்கு மட்டும் ஒருபோதும் பேச வேண்டாம்.

7. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் "இன்ன பைலைக் காணோம்" என்று ஒரு பெட்டி வருகிறதா? பயப்பட வேண்டாம். நீக்கிய புரோகிராமை எழுப்பச் சொல்லும் பழைய உத்தரவு மிச்சமிருப்பதாக இருக்கலாம். தெரிந்தவரைக் கொண்டு அந்த உத்தரவை நிறுத்தினால் போதும்.

8. பில்லிங் புரோகிராம் திறக்கவில்லையென்றால், ஆன்டிவைரஸ் அதன் பைலைச் சிறை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்களை ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒன்றோடொன்று மோதி வேகம் குறையும். ஒன்று போதும். விண்டோஸுடன் வரும் டிபெண்டரே, வேறொன்றும் இல்லாதபோது தானாக வேலை செய்யும்.

9. பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் நீக்க வேண்டாம். பில் பிரிண்டருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் உரிய டிரைவர்கள் வாயில் நுழையாத பெயர்களோடுதான் இருக்கும். அவற்றைக் குப்பையென்று நீக்கிவிட்டுப் பிறகு "பிரிண்டர் கெட்டுப் போச்சு" என்பார்கள்.

10. இவ்வளவுக்கும் சரியாகாவிட்டால், விண்டோஸ் 10-லும் 11-லும் 'நெட்ஒர்க் ரீசெட்' என்று ஒரு வசதி உண்டு. இன்டர்நெட் சம்பந்தப்பட்ட அமைப்புகளை மட்டும் புதிதாக்கும். வைபை பாஸ்வேர்டை மறுபடி போட வேண்டியிருக்கும், அவ்வளவே. கணக்கைத் தொடாது.

எல்லாம் சரியான பிறகு, வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலிருந்தோ செல்போனிலிருந்தோ பேங்க், இ-மெயில், ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டுகளை மாற்றிவிட வேண்டும். வேண்டாத புரோகிராம் எதைப் பார்த்தது, எதை எழுதிக்கொண்டது என்பது நமக்குத் தெரியாது.

நம் ஊருக்குக் கூடுதல் கவலை

"எதற்கு இந்தக் கம்ப்யூட்டர் வம்பு, பழைய சிட்டாவும் பேரேடும் போதாதா?" என்று மூத்த வணிகர்கள் கேட்பது காதில் விழுகிறது. காரைக்காலில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியவில்லை.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நாகூர் வரிக்கு வேறு மாநிலம். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் புதுச்சேரி நம் மாநிலம்! நமது பதிவு எண் 34-இல் தொடங்குகிறது, நாகப்பட்டினத்துக்காரருடையது 33-இல். அங்கிருந்து ஒரு லோடு பருப்பு வாங்கினாலும், இங்கிருந்து நாகூர் வியாபாரிக்கு எண்ணெய் அனுப்பினாலும் அது மாநிலம் கடந்த வியாபாரம். வரி உள்ள சரக்கென்றால் ஐ.ஜி.எஸ்.டி. ரூ. 50,000-க்கு மேற்பட்டால், விலக்குள்ள சரக்கு நீங்கலாக, 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில். காம்பவுண்டிங் திட்டத்தில் இருப்பவர் மாநிலம் கடந்து சரக்கு விற்கவே முடியாது. 2019-இல் சரக்கு வணிகருக்கான பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ரூ. 40 லட்சமாக உயர்ந்தபோது புதுச்சேரியில் அது ரூ. 20 லட்சத்திலேயே நின்றது. ஆகவே அங்கே பதிவே தேவைப்படாத அளவு வியாபாரத்துக்கு இங்கே பதிவு, பில், தாக்கல் எல்லாம் வேண்டும். நமது சிறு வணிகர் கம்ப்யூட்டரை நம்பியிருப்பது ஆடம்பரத்துக்காக அல்ல.

சட்டமும் இதைச் சொல்கிறது. வருடாந்திரக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் நாம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைப்பவர், அழிந்து போனால் நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 கூறுகிறது. "பார்மட் போட்டதில் போய்விட்டது சார்" என்பது அதிகாரி ஏற்கும் பதிலாகாது.

2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே வந்ததையும் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததையும் கண்ட ஊர் இது. நகலைக் கடைக் கல்லாவிலேயே வைத்தால் போதாது. ஒன்று கடையில், ஒன்று வீட்டில் என்று இரண்டு பென் டிரைவ்களை வாரம் மாற்றி மாற்றி வைப்பதே நலம்.

தவறு எங்கே?

ரிப்பேர் பார்க்கும் பிள்ளைகள் ஏன் எடுத்தவுடன் பார்மட் என்கிறார்கள்? அவர்களில் இருவரிடம் உட்கார்ந்து பேசினோம். ஒருவர் சொன்னது மனத்தில் தைத்தது. "ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடிச்சு ஒரு டிக்கை எடுத்தா, 'இதுக்கா காசு?'ன்னு கேக்கறாங்கண்ணே. பார்மட் போட்டா, அரை நாள் ஆச்சுன்னு கண்ணுக்குத் தெரியுது. கேக்காம குடுத்துடறாங்க."

அரிசியின் தரத்தை ஒரு கை அள்ளிப் பார்த்துச் சொல்ல நமக்கு எத்தனை வருட அனுபவம் வேண்டியிருந்தது? அந்தப் பார்வைக்கு மதிப்பு உண்டென்று நாம் நம்புகிறோம். ஆனால் இன்னொருவரின் பார்வைக்குக் கூலி கொடுக்க மனம் வருவதில்லை. கண்டுபிடித்தவனுக்கு டீயும் அழித்தவனுக்கு ஐந்நூறும் கொடுத்தால், ஊரில் அழிக்கத் தெரிந்தவர்கள்தாம் பெருகுவார்கள். இது சந்தை விதி, நமக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது தவறு, ஓசிப் புரோகிராம். கணக்குப் புரோகிராமைக் காசு கொடுத்து வாங்காமல் 'கிராக்' என்று பென் டிரைவில் வாங்கிப் போடுகிறோம். அதோடு வரும் வைரஸ் ஒரு புறமிருக்க, பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில், திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கமோ வியாபாரமோ இல்லாத இடத்தில்தான் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமிருக்கிறது. நம்முடையதோ வியாபாரமேதான். எடைக்கல்லில் கள்ளம் கூடாது என்று சொல்லும் நாம் இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது சரியாகுமா?

மூன்றாவது, கடைக் கம்ப்யூட்டரைப் பிள்ளைகளிடம் விடுவது. கல்லாப்பெட்டியை விளையாடக் கொடுப்போமா? வேறு வாங்க வசதியில்லாதவர்கள், பிள்ளைகளுக்கென்று தனி யூசர் கணக்காவது போட்டு, புரோகிராம் ஏற்றும் அதிகாரம் இல்லாமல் வைக்கலாம். அதற்குச் செலவில்லை.

பார்மட் வேண்டிய நேரமும் உண்டு

பார்மட்டே கூடாது என்பதல்ல நமது வாதம். தூரத்திலிருந்து யாரோ நம் கம்ப்யூட்டரை இயக்கியிருந்தால், பேங்க் பாஸ்வேர்டு களவு போயிருந்தால், நீக்க நீக்கத் திரும்பி வரும் வைரஸாக இருந்தால், முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதே பத்திரம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை வைரஸ் என்றால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, எதையும் அழிக்காமல் வைக்க வேண்டும். யூரோபோல் உள்ளிட்டோர் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. நமது மத்திய அரசும் 2017-இல் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' என்று தொடங்கி, சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்குப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் நின்றுவிட்டன. பழையதை வைத்து ஓட்டுவோர் புதியதற்கு மாறும்போதும் துடைத்து ஏற்ற வேண்டி வரலாம்.

எந்த நிலையிலும் நகல் முதலில், பார்மட் பிறகு. புதிய வகை எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் அழிந்தது அநேகமாக அழிந்ததுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மீட்டது போல இதில் மீட்கலாம் என்று நம்பி இருக்கக் கூடாது. 'கீப் மை பைல்ஸ்' என்று விண்டோஸே தரும் வசதியும் நம் பெயரிலுள்ள போல்டர்களைத்தான் காப்பாற்றும். பில்லிங் கணக்கு வேறிடத்தில் இருந்தால் அதற்கு உத்தரவாதமில்லை.

சங்கம் செய்யக் கூடியது

நான்கு யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, ரிப்பேர் சீட்டு. எந்த ஊழியர் வந்தாலும் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும்: கோளாறு என்ன, நகல் எங்கே எடுக்கப்பட்டது, எது நீக்கப்பட்டது, எது மாற்றப்பட்டது. பார்மட் என்றால் கடைக்காரரும் நகலைத் திறந்து பார்த்தேன் என்று கையெழுத்திட வேண்டும். சங்கமே அச்சடித்துக் கொடுக்கலாம்.

இரண்டு, 'பார்க்கும் கூலி'. கோளாற்றைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு தொகையைச் சங்கமும் ஊரிலுள்ள ரிப்பேர் கடைக்காரர்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். அரை நிமிடத்தில் முடிந்தாலும் அந்தக் கூலி கொடுக்கப்பட வேண்டும். பார்மட்டுக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகவும் இருக்கக் கூடாது.

மூன்று, மாதத்தில் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் நகல் நாள். உறுப்பினர்கள் பென் டிரைவோடு வந்து, எடுத்த நகல் உண்மையில் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளட்டும். திறந்து பார்க்காத நகல் இல்லாத நகலுக்குச் சமம்.

நான்கு, ஒரிஜினல் புரோகிராம்களைக் கூட்டாகப் பேசி வாங்குவது. பத்து மூட்டை வாங்குபவனுக்கும் நூறு மூட்டை வாங்குபவனுக்கும் விலை ஒன்றல்ல என்பதை நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதை எழுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இது காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடத்தும் ஊர். வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பியது இரண்டு கனி. இலையில் கேட்டதும் இரண்டு கனி. அடியாருக்குப் படைத்துவிட்ட கனிக்கு ஈடாக அம்மையாருக்கு இறைவனே கனி தந்தான். நாம் தொலைத்த பேரேட்டுக்கு அப்படி ஒன்று வந்து சேரும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. எங்கள் கடைக்குக் காலண்டர் தாள்களோடு வந்த அந்த அம்மாவைப் போல எல்லா வாடிக்கையாளரும் குறித்து வைத்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. கணக்கு வைப்பது கடைக்காரன் கடமை.

இன்று இரவு கடை கட்டுவதற்கு முன் ஒரு பென் டிரைவை எடுங்கள். மற்றதை நாளை பேசுவோம்.